ஆர்டித் குரோனைக் கண்டிக்க ஒன்பது பேர்

எங்கள் மாவட்டக் குடியரசுக் கட்சியின் கூட்டக் குறிப்பேட்டை நாற்பது வருடமாக நான்தான் எழுதி வருகிறேன். அதில் ஆர்டித் குரோன் மூன்று முறை திட்டு வாங்கியிருக்கிறாள், மூன்றும் ஒரே கருத்துக்காக. அந்தக் கருத்தை அவள் ஓர் அங்குலம்கூட மாற்றிக்கொண்டதில்லை. ஆர்டித் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கால்நடை டாக்டரிடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்தில் அவள் கை படாமல் பிறந்த கன்றுகள் குறைவு.

கருத்து இதுதான். கருவைக் கலைப்பது தவறு, அதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும். ஆனால் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டரின் கையைக் கட்டக் கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் இதை அவள் முதன்முதலாக எழுந்து சொன்னபோது, தலைவராக இருந்த வங்கிக்காரர் வெண்டல் ஃபாஸ் நெளிந்தார். "கட்சின்னா வரி, ரோடு, சோள விலை. கர்ப்பத்தையெல்லாம் எதுக்கும்மா இங்க இழுக்கறீங்க?" என்றார். அவர் சொன்னபடி 'தீவிரப் போக்கு' என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஆர்டித்தைச் சமையலறைக் கதவோரம் உட்கார வைத்தார்கள்.

பத்து வருடத்தில் கட்சியே கதவோரத்துக்கு வந்துவிட்டது. வெண்டலும் தாம் ஆதி முதலே அப்படித்தான் நினைத்ததாகச் சொல்லிக்கொண்டார். ஆர்டித்துக்கு 'உண்மையான பழமைவாதி' என்று ஒரு பித்தளைப் பதக்கம் கிடைத்தது. அதை அவள் நாயின் கழுத்துப் பட்டையில் மாட்டிவிட்டாள்.

பிறகு, பழைய தலைவர்களையெல்லாம் விரட்டப்போவதாகச் சொல்லி, சுதந்திரப் போர்க் காலத்து மூன்று முனைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் கட்சிக்குள் வந்தது. ஆர்டித்தின் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்த விதிவிலக்கெல்லாம் பழைய மேலிடத்து ஆட்கள் பண்ற வேலை" என்றார்கள்.

"மேலிடமா?" என்றாள் ஆர்டித். "எங்க வீட்ல மேலிடம் ஒழுகுது. ரெண்டு வருஷமா என் புருஷன் ஏணியைக்கூட எடுக்கலை. யாராவது வந்து பாருங்களேன்."

சிரித்தார்கள், ஆனாலும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

மூன்றாவது திட்டுதான் பெரியது. உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தை அந்தந்த மாநிலங்களிடமே விட்டுவிட்ட மறு வருடம், ப்ராடி ஷ்ராம் எங்கள் தலைவரானான். முப்பத்தோரு வயது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரங்கள் விற்பவன். எந்த விதிவிலக்கும் இல்லாத தடை வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். எதிர்த்துக் கை தூக்கியவள் ஆர்டித் ஒருத்திதான். என் கை மடியிலேயே இருந்தது. 'பெயருக்கு மட்டும் குடியரசுக் கட்சிக்காரர்' என்று அவளைக் கண்டிக்க அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தான் ப்ராடி.

அன்று பிற்பகல் ஆலங்கட்டி மழை. பாதிப் பேர் வரவில்லை. ஆர்டித் மட்டும் வழக்கம்போல ஒரு அண்டா நிறைய மாட்டிறைச்சிக் காரக் குழம்பும், அதில் தோய்த்துச் சாப்பிட இலவங்கப்பட்டை ரொட்டியும் கொண்டு வந்திருந்தாள்.

நான் தலைகளை எண்ணினேன். "ஒன்பது பேர் இருந்தாத்தான் தீர்மானம் செல்லும். எட்டுதான் இருக்கு."

"குரோன் அம்மாவைச் சேர்த்தா?" என்றான் ப்ராடி.

"சேர்த்தா ஒன்பது."

ஆர்டித் எழுந்து மழைக்கோட்டை மாட்டினாள். "அப்ப நான் கிளம்பறேன்."

ப்ராடி ஓடிவந்து வாசலை மறித்தான். "குரோன் அம்மா, தயவுசெஞ்சு உட்காருங்க. உங்களைக் கண்டிக்கணும்."

"என்னைக் கண்டிக்க நான் வேணுமா?"

"விதி அப்படி இருக்கே."

"தெரியும் தம்பி. அந்த விதியை எழுதினதே நான்தான்." அவள் யோசித்துவிட்டு உட்கார்ந்தாள். "சரி. ஆனா முதல்ல நான் பேசுவேன். முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் வெளியே போகக் கூடாது. யாராவது எழுந்தா நானும் எழுந்துடுவேன்."

நாற்பது நிமிடம் பேசினாள். மாவட்டத்தில் யார் யார் எந்தெந்த வருடம் என்னென்ன சொன்னார்கள் என்று அவரவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். இருபதாவது நிமிடத்தில் கிழவர் கிளாரன்ஸ் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். அவருக்குச் சர்க்கரை, நீர் மாத்திரை வேறு. அவர் எழ முயன்றபோது ப்ராடி தோளைப் பிடித்து அழுத்தினான்.

"கிளாரன்ஸ், கொஞ்சம் அடக்கிக்கோங்க!"

"உனக்கு எழுபத்தெட்டு வயசு ஆகட்டும், அப்ப சொல்லு!" என்று சீறினார் கிளாரன்ஸ்.

கடைசியில் ஆர்டித் தன் தங்கை நீவாவைப் பற்றிச் சொன்னாள். ஐந்தாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்து, உடம்பில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டு, நினைவு தப்பிக் கிடந்தவள் நீவா. தொட்டிலுக்கு வெள்ளை வர்ணம் அடித்து வைத்திருந்தாள். குழந்தையின் இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. அது நிற்கும்வரை டாக்டர் காத்திருக்கவில்லை.

"நீவா பிழைச்சா. அப்புறம் மூணு பெத்தா. கிளாரன்ஸ், உங்க மருமக அதுல ஒருத்தி," என்றாள் ஆர்டித். "அந்தப் பிள்ளைக்காக நான் இன்னிக்கும் அழறேன். டாக்டர் மேல எனக்குக் கோவம் இல்லை. அவ்வளவுதான். இப்ப கண்டிச்சுக்கோங்க."

கிளாரன்ஸ் நெளிவதை நிறுத்தியிருந்தார்.

ஆர்டித் தன் விஷயத்தில் தானே ஓட்டுப் போட மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டாள். ஐந்துக்கு மூன்றில் கண்டனம் நிறைவேறியது. மூன்றில் கிளாரன்ஸ் ஒருவர். இன்னொன்று என்னுடையது, கை காது வரைக்கும்தான் போனது. ப்ராடி அதை எண்ணவில்லை. எழுதுகிறவன் நான் என்பதால் எண்ணிவிட்டேன். கிளாரன்ஸ் கழிவறைக்கு ஓடினார். ஆர்டித் கரண்டியை எடுத்து எல்லாருக்கும் குழம்பு ஊற்றினாள், முதல் கிண்ணம் ப்ராடிக்கு.

சென்ற வருடம் இன்னொரு கூட்டம் உள்ளே வந்தது. தங்களை 'ஒழிப்பாளர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். கருவைக் கலைத்த பெண்ணையும் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கருக்கலைப்பை எதிர்ப்பவர்களுக்கு இருந்த 'உயிர்காப்பாளர்' என்ற பழைய பெயரே அவர்களுக்குக் கெட்ட வார்த்தை. பெண்களைச் சிறையில் போடுவது மட்டும் வேண்டாம் என்றான் ப்ராடி. அன்று சாயங்காலமே அவனுக்கும் ஒரு பட்டம் கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் அவன் ஆர்டித் வீட்டுக்குப் போனபோது நானும் அங்கே இருந்தேன். ஆர்டித்தும் அவள் கணவர் மெர்லும் சமையலறையில் சோளம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை மிதவாதின்னு சொல்றாங்க, குரோன் அம்மா!" என்றான்.

மெர்லுக்குக் காது மந்தம். "வாதமா? இந்த வயசுலயா? முட்டியிலயா இடுப்புலயா?"

"மிதவாதி, மெர்ல்!" என்று கத்தினாள் ஆர்டித்.

"எந்த வாதமா இருந்தா என்ன, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லு."

ப்ராடிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சோளக் கதிரை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஜெயில் தீர்மானத்தைத் தோக்கடிக்க ஒரு ஓட்டு குறையுது. நீங்க வரணும். அந்தக் கண்டனத்தை வேணும்னா வாபஸ் வாங்கிடறேன்," என்றான்.

"அது இருக்கட்டும். எனக்குக் கிடைச்ச பட்டத்துலேயே அதுதான் எழுத்துப்பிழை இல்லாம வந்தது," என்றாள் ஆர்டித். "பொண்ணுங்களை ஜெயில்ல போடக் கூடாதுங்கறதுக்கு வரேன். உனக்காக இல்லை. மத்ததுல நீ சொன்னது எனக்குப் பிடிக்கலை, இன்னிக்கும் பிடிக்கலை."

"தெரியும், அம்மா."

"நாரை ஒழுங்கா எடு. பல்லுல மாட்டும்."

சிறைத் தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. அந்தக் கோபத்தில் அடுத்த கூட்டத்திலேயே ப்ராடியைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது கடைசி வரிசையில் ஆர்டித்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறான். இருவரும் நட்பாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. போன மாதம் ஆழ்குழாய்க் கிணறுகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்று விவாதம் வந்தது. இவள் வேண்டும் என்றாள், தண்ணீர் இயந்திரம் விற்கிறவன் சும்மா இருப்பானா? சண்டை மண்டபத்தில் முடியாமல் வெளியே வண்டிகள் நிற்கும் இடம் வரைக்கும் போனது. மெர்ல் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு மூன்று முறை ஹாரன் அடித்தார். இருவர் காதிலும் விழவில்லை.