அம்புலன்ஸில் வந்த மாப்பிள்ளை

என் மகளுடைய கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் நகரத்தில் குண்டு வெடித்தது. மறு அறிவித்தல் வரை ஊரடங்குச் சட்டம் என்று வானொலி சொன்னது. பெண் வெள்ளவத்தையில், எங்கள் வீட்டில். மாப்பிள்ளை கொட்டாஞ்சேனையில், அவருடைய பெரியப்பா வீட்டில். இரண்டுக்கும் நடுவில் வீதிக்கு வீதி சோதனைச் சாவடி.

முருகனடியார்களே, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து நாங்கள் கூடியிருக்கும்போது உங்களில் பலர் எழுந்து அவன் செய்த உதவிகளைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் எழுந்ததில்லை. சொல்ல இல்லாமல் அல்ல, வெட்கத்தால். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன். யாராவது வாசியுங்கள்.

மாப்பிள்ளை லண்டனிலிருந்து குறுகிய லீவில் வந்திருந்தார். அது ஆவணியின் கடைசி முகூர்த்தம். அடுத்து வருவது புரட்டாதி. அந்த மாதத்தில் நாங்கள் கலியாணம் வைப்பதில்லை. ஐப்பசி வரை அவர் காத்திருக்க முடியாது. மகளுக்குச் செவ்வாய் தோஷம். எத்தனையோ சாதகம் பார்த்துக் கடைசியாகப் பொருந்தியது இந்த இடம். பொலிஸுக்குப் போன் எடுத்து அனுமதி கேட்டேன். கலியாணத்துக்கெல்லாம் பாஸ் கொடுப்பதில்லை என்று வைத்துவிட்டார்கள். மனைவி சாமி அறையில் இருந்து அழுதாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு சிறிய தனியார் வைத்தியசாலையில் நிர்வாக அதிகாரி. எங்களிடம் ஓர் அம்புலன்ஸ் இருந்தது. ஊரடங்கிலும் ஓடக்கூடிய வாகனம் அது. அதன் விளக்கைத் தூரத்தில் கண்டாலே சாவடிகளில் தடையை விலக்குவார்கள். யுத்தம் நடந்த ஊரில், தமிழர் வைத்தியசாலை என்று பேர் எடுத்த இடத்து வண்டிக்கு, அப்படி ஒரு மரியாதை கிடைத்தது சின்ன விஷயம் அல்ல. எத்தனையோ நெஞ்சுவலிகளும் பிரசவங்களும் அந்த மரியாதையில்தான் கரை சேர்ந்தன.

சாரதி ராஜு மலைநாட்டுப் பக்கத்தவன். மனைவி லெட்சுமியோடு தெமட்டகொடையில் இருந்தான். அன்று வைத்தியசாலையிலேயே தங்கியிருந்தான். விடியற்காலையில் அவனை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாங்கய்யா. புடிச்சா என்னத்தான் புடிப்பாங்க."

"நான் முன் சீற்றில வாறன் தம்பி. ஏதும் கேட்டா நான் கதைக்கிறன். ஒருக்கா மட்டும்."

அவனுக்கு வேலை கொடுத்தவன் நான். அவன் வண்டித் திறப்பை எடுத்தான்.

கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளையைப் பட்டு வேட்டியோடு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து வெள்ளைத் துணியால் மூடினோம். சேலைன் போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டோம். தலைப்பாகையும் கூறையும் தாலியும் ஸ்ட்ரெச்சருக்குக் கீழே. மாப்பிள்ளையின் தாயார் பக்கத்தில் இருந்தார். தோழனுக்கு இடமில்லை, அவன் கேற்றடியில் நின்று சிரித்தான்.

"மாமா, என்ன வருத்தம் எண்டு கேட்டா கலியாண வருத்தம் எண்டு சொல்லுங்கோ. அதுக்கு மருந்தில்லை, உடனே விட்டிடுவாங்கள்."

எல்லோரும் சிரித்தோம்.

பம்பலப்பிட்டிச் சாவடியில் ஓர் இளம் பொலிஸ்காரர் மறித்தார். பின் கதவைத் திறந்து பார்த்தார். மாப்பிள்ளைக்குப் பயத்தில் வியர்த்து ஊற்றியது. அது காய்ச்சல் வியர்வை போலவே இருந்தது. தாயாரின் அழுகையோ உண்மையான அழுகை. பொலிஸ்காரர் கதவை மெல்லச் சாத்திவிட்டு, ஓடி வந்து தடையைத் தானே இழுத்தார். "யன்ன, யன்ன, இக்மனட்ட யன்ன" என்றார். சீக்கிரம் போங்கள் என்று அர்த்தம். வண்டி நகரும்போது என் பக்கம் குனிந்து, "புது சரணய்" என்றார். புத்தரின் காவல் உண்டாகட்டும் என்று சிங்களவர் வாழ்த்துவது அப்படித்தான். நான் நன்றி சொன்னேன். என் நாக்குக் கூசவில்லை.

முகூர்த்தம் தவறவில்லை. மேளக்காரர் வரமுடியாததால் கசற்றில் கெட்டிமேளம் போட்டுத் தாலி கட்டினோம். முருகன் காப்பாற்றினான் என்று நான் அன்று சொன்னேன். அது பொய்ச் சாட்சி. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஊரடங்கு எடுத்தபின் ராஜு வேறொரு நோயாளியோடு அந்தச் சாவடியால் போனபோது, அதே பொலிஸ்காரர் ஓடிவந்து, அன்றைய நோயாளி சுகமா என்று விசாரித்தாராம். ராஜு தேநீர் அறையில் வந்து சொன்னான்: "நல்லா இருக்காரு, வீட்டுக்குப் போயிட்டாருன்னு சொன்னேங்க. ரொம்ப சந்தோசப்பட்டாருங்க அவரு." தாதிமார் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். அந்தக் கதையை நான் போன இடமெல்லாம் சொன்னேன்.

கதை நடந்து நடந்து பொலிஸ்வரை போனது. போகும்போது அதில் மாப்பிள்ளை இல்லாமல் போய்விட்டார். ஊரடங்கில் அம்புலன்ஸுக்குள் நோயாளி அல்லாத ஒரு ஆளைக் கடத்தினார்கள் என்பது மட்டும் மிஞ்சியது. எங்கள் வண்டியை நிறுத்தி, இறக்கிச் சோதிக்கும்படி சாவடிகளுக்குக் கட்டளை வந்தது.

புரட்டாதியில் பாமன்கடையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை நெஞ்சுவலியோடு கொண்டுவந்தார்கள். எங்களிடம் வசதி போதாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ராஜு ஏற்றிக்கொண்டு போனான். பம்பலப்பிட்டியில் ஸ்ட்ரெச்சரை வீதியில் இறக்கி வைத்து வண்டி முழுவதையும் கிளறினார்கள். ஆசிரியர் வெயிலில் கிடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. முன்னமே வந்திருந்தாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன்.

ஆசிரியரின் மகன் பொலிஸில் முறையிட்டார். ஏன் மறித்தார்கள் என்ற விசாரணை, அந்த ஊரடங்கு நாளில் யாரைக் கொண்டுபோனார்கள் என்ற விசாரணையாக மாறியது. ராஜுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவசரகாலச் சட்டத்தில் ஒரு தமிழ் ஆளை அடைத்தால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பொலிஸார் என் அறைக்கும் வந்தார்கள். சாவடியில் நின்றவர் முகத்தைக் கவனிக்கவில்லையாம், முன் சீற்றில் இருந்தது யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். வைத்தியசாலையில் எல்லோருக்கும் தெரியும். எனக்காக எல்லோரும் வாய் மூடினார்கள். அதை என் மேல் வைத்த மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

லெட்சுமி வந்தாள். நான் இழுத்துப் போட்ட கதிரையில் இருக்க மறுத்துவிட்டாள்.

"ஐயா சொல்லித்தானே போனாரு. அத மட்டும் அவங்ககிட்ட சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"பாப்பம் பிள்ளை. ஒரு லோயரோட கதைக்கிறன்."

கதைக்கவில்லை. மகளின் விசா அலுவல் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கும் பிரச்சினை வரும். வைத்தியசாலைக்குக் கெட்ட பேர். எனக்கும் வயது போகிறது. ஒன்று விட்டால் இன்னொன்று என்று காரணம் வந்துகொண்டே இருந்தது.

கந்தசஷ்டி வந்தது. நான் வருடம் தவறாமல் விரதம் பிடிக்கிறவன். அந்த முறை வெறும் தண்ணீரோடு இருந்தேன். "முருகா, ராஜுவை வெளியில் கொண்டு வா" என்று கேட்டேன். கண்ணீர் விட்டுக் கேட்டேன். என் வாயைத் திற என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சூரசம்ஹாரத்தன்று சனத்துக்குள் நின்றேன். உங்களுக்குத் தெரியும், சூரனின் தலையைக் கழற்றக் கழற்ற வேறு தலை மாட்டுவார்கள். யானைத் தலை, சிங்கத் தலை. உடம்பு ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி. அன்று எனக்குப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பினேன். பக்கத்தில் லெட்சுமி நின்றாள். அவளும் விரதம். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நேத்துப் பாத்தேங்கய்யா. உங்க பேர இன்னும் சொல்லல அவரு. ஐயாவுக்கு ஒண்ணும் வந்திடக்கூடாதாம். என்னையும் சொல்ல வேணாம்னுட்டாரு." பிறகு, குரலில் கோபமே இல்லாமல் சொன்னாள்: "உங்களுக்குஞ் சேத்துத்தான் கும்பிட்டேன்."

எனக்காக அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. கடைசித் தலை விழ முன்னமே கோயிலை விட்டு வெளியே வந்தேன். பெரிய வீதியால் நேரே பொலிஸுக்கு நடந்தேன். முன் சீற்றில் இருந்தவன் நான்தான், உள்ளே இருந்தது என் மருமகன், சாரதி நான் சொன்னதைச் செய்தவன் என்று சிங்களத்தில் சொன்னேன். பேர்ஸில் வைத்திருந்த கலியாணப் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

பொறுப்பதிகாரி என்னை ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். சாவடியில் நின்ற அந்த இளம் பொலிஸ்காரரைக் கூப்பிட்டார். "இவரிடமும் சொல்லுங்கள்" என்றார்.

மறுபடி முழுவதையும் சொன்னேன். அவர் படத்தை எடுத்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படியென்றால் அந்த வயசானவர்? பிறகு வந்தவர்? அவருக்கு உண்மையிலேயே நெஞ்சுவலியா?"

"ஓவ்" என்றேன். ஆம் என்று.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்தார். அன்று ஆசிரியரை வீதியில் இறக்கி வைத்தது அவர்தான். முதல் முறை நம்பி ஏமாந்தவர், இரண்டாம் முறை நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவருக்குப் படிப்பித்தவன் நான். என் வெட்கம் முழுவதும் அந்த வாங்கில் இருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அங்கேதான் இருக்கிறது.

அன்றிரவு என்னை அங்கேயே வைத்திருந்தார்கள். அடுத்த நாள் ராஜுவையும் என்னையும் ஒன்றாக விட்டார்கள். வாசலில் லெட்சுமி நின்றாள். ராஜு என்னிடம், "சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேட்டான். விரதம் முடிக்கும் பாரணைக்கு வைத்திருந்த பிரசாதத்தை லெட்சுமி இருவருக்கும் பிரித்துக் கொடுத்தாள். வழக்கு வந்தது, என் வேலை போனது. அவை நியாயம். பாமன்கடைக்குப் போய் ஆசிரியரின் மனைவியிடமும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கேற்றைச் சாத்தினார். அதுவும் நியாயம்.

ஆனால் வண்டிக்கு வழி திரும்பக் கிடைத்தது. வைத்தியசாலையிலிருந்து முன்கூட்டியே போன் எடுத்துச் சொல்வது, சாவடியில் கதவை மட்டும் திறந்து பார்த்துவிட்டு விடுவது என்று பொறுப்பதிகாரி ஒழுங்கு செய்தார். யுத்தம் முடியும்வரை, ஊரடங்கு போட்டபோதெல்லாம் நான் சம்பளமில்லாமல் ராஜுவின் பக்கத்தில் இருந்து போனேன். ஒவ்வொரு சாவடியிலும் உள்ளே யார், என்ன வருத்தம் என்று உண்மையைச் சொல்வதுதான் என் வேலை. பம்பலப்பிட்டியில் அந்தப் பொலிஸ்காரர் நின்றால் என்னைப் பார்க்கமாட்டார். நோயாளியைப் பார்ப்பார், தடையை இழுப்பார். "புது சரணய்" என்று பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.

ராஜுவை விடுவி என்று கேட்டேன். முருகன் விடுவித்தான். நான் கேட்க மறுத்த வழியால், என் வாயைத் திறந்து, விடுவித்தான். அதற்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அடியார்களே, நீங்களும் கேளுங்கள், பயப்படாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் உங்களைத்தான் அனுப்புகிறானோ என்று ஒருக்கால் எழுந்து பாருங்கள். நோயாளிக்காக விலகி நிற்கும் வழியில், கலியாணம் போன்ற நல்ல காரியத்துக்குக்கூட, கால் வைக்காதீர்கள்.

இதை வாசித்து முடித்ததும் எனக்காக வேண்டாம். பாமன்கடை ஆசிரியருக்காக ஒரு தீபம் ஏற்றுங்கள். பக்கத்தில் இன்னொன்று, அந்தப் பொலிஸ்காரருக்காக.