முடி பின்னிய பதக்கம்

இரண்டாயிரங்களின் நடுவில் ஒஸ்லோவின் சின்ன அருங்காட்சியகம் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்கம் சொல்லும் வேலை எனக்கு. அந்தக் குளிர்காலம் விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயரின் துக்க வழக்கங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். விதவை வருடக்கணக்கில் கறுப்பு உடுத்தியதையும், செத்தவீட்டில் கண்ணாடியைத் துணியால் மூடியதையும் வருகிறவர்களுக்கு நோர்வேஜிய மொழியில் சொல்வேன். செத்தவரின் தலைமுடியைப் பின்னிப் பதித்த பதக்கத்தின் முன்தான் கூட்டம் அதிகம் நிற்கும். எங்கள் ஆட்கள் இதைப் பார்த்தால் தலைக்குத் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அப்படியிருக்க, ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர் மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, பதக்கம் இருந்த பெட்டியைக் குனிந்து குனிந்து பார்ப்பார். நான் கிட்டப் போனால் நழுவிவிடுவார். இன்னொரு தமிழரைக் கண்டு ‘எந்த ஊர்?’ என்று கேட்காத ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். களவு போனால் எங்கள் மானம் கப்பலேறும், முதலில் என்னைத்தான் ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் ஞாயிறு அவர் பெட்டியின் முன் நின்று பையைத் திறந்தார். நான் காவலாளிக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் வந்து பையைக் காட்டச் சொன்னான். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கறுத்த பின்னல், நுனியில் சிவப்பு றிபன்.

“இது என்ன?” என்று காவலாளி என்னைக் கேட்டான்.

“மகளின்ரை,” என்றார் அவர் என்னிடம். “ஆசுப்பத்திரியிலை கான்சருக்கு மருந்து ஏத்த முன்னம் வெட்டினது. பிள்ளை போனாப் பிறகு என்ரை மனுசன் கடலிலை போடச் சொன்னவர். போட்டுட்டன் எண்டு பொய் சொல்லிப்போட்டுக் கொண்டு திரியிறன். இதை இப்பிடிச் செய்து தருவினமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்.”

“முதல் நாளே கேட்டிருக்கலாமே அக்கா?”

“உம்மைக் கண்டுதான் கேக்கேல்லை. தமிழ்ப் பிள்ளை, வெளியிலை கதைச்சுப்போடுவீர் எண்டு பயம்.”

காவலாளி பதிலுக்குக் காத்து நின்றான். அவருடைய செத்த மகளின் முடி என்று அவனுக்கு மொழிபெயர்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

“மனுசனுக்குத் தெரியவேண்டாம்,” என்று சொல்லிப் பையை மூடினார். நான் மன்னிப்புக் கேட்க முன்னமே போய்விட்டார்.

சுவீடனில் இன்னும் முடியில் நகை பின்னுகிற பெண்கள் இருக்கிறார்கள் என்று தேடி அறிந்து, அடுத்த ஞாயிறு முகவரியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோனேன். கண்காட்சி முடியும்வரை அந்தத் துண்டு என் சட்டைப்பையிலேயே கிடந்தது. அவர் வரவில்லை.