தீர்ப்புக்கு முன்பே வந்த மைசூர்பாகு

போன புதன்கிழமை காலை, ஒரு லீகல் த்ரில்லரில் மூழ்கியிருந்தேன். மகள் கவிதா பாதியில் போட்டுவிட்ட நாவல். மேலே ஏறத் துடிக்கும் இரண்டு பெண்கள் — ஒருத்தி வக்கீல், ஒருத்தி நீதிபதி. கோர்ட் கூடும் முன்பே இருவருக்கும் தீர்ப்பு தெரியும். ஆனாலும் வக்கீல் தொண்டை வறள வாதாடுவாள்; நீதிபதி கவனமாகக் குறிப்பெடுப்பாள்.

இப்படியெல்லாமா நடக்கும்? சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன்.

காலிங் பெல்.

“ஸ்வீட் பாக்ஸ், தகொள்ளி மேடம்” — வாங்கிக்கோங்க என்று கன்னடத்தில் சொல்லி டெலிவரிக்காரர் நீட்டினார். கனமான பெட்டி. மேலே கவிதாவின் பெயர்.

அவள் கண்ணாடி முன் நின்று வக்கீல்களின் வெள்ளைப் பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய சீனியர் அம்மா ஒருவரிடம் ஜூனியர். அவள் சேர்ந்தபோது இதே பத்திரிகைப் பக்கத்தில் எழுதிப் பெருமையடித்துக்கொண்டவள்தான் நான்.

“என்னடி இது?”

“மைசூர்பாகும்மா. கேஸ் ஜெயிச்சா ஆபீஸ்ல எல்லாருக்கும் ஸ்வீட் குடுப்போம்ல? சேம்பர் இன்னும் திறந்திருக்காது, அதான் வீட்டு அட்ரஸ் குடுத்தேன்.”

“எப்போ ஜெயிச்சீங்க?”

“இன்னிக்கு மத்தியானம்தான் ஜட்ஜ்மென்ட்.”

நான் பெட்டியைப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது.

“அவ்வளவு நம்பிக்கையா உங்க மேடத்துக்கு?”

கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். “நம்பிக்கை இல்லம்மா... மேடத்துக்குத் தெரியும்.”

இரண்டாவது பட்டையும் நேராக இருக்கிறதா என்று சரிபார்த்தாள். அவ்வளவுதான்.

பெட்டியோடு அவள் போன பிறகு நாவலைத் தொடவே பிடிக்கவில்லை. வீடு முழுக்க நெய் வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.

சாயங்காலம் வந்தாள். ஜெயித்துவிட்டார்கள்.

“எதிர்ப் பார்ட்டி யாருடி?”

“ஸ்ரீராம்புரம் லேடி ஒருத்தங்க. வீட்டைக் காலி பண்ணணும். பாவம்மா, நெத்தி நிறைய விபூதியோட வந்திருந்தாங்க. ஜட்ஜ் படிச்சு முடிக்கிற வரைக்கும் கைகூப்பிக்கிட்டே நின்னாங்க.”

அந்த அம்மா கைகூப்பி நின்றபோது, மைசூர்பாகு சேம்பரில் காத்திருந்தது.

“உனக்கு உறுத்தலையா?”

“ஜூனியர் இதெல்லாம் கேட்கக் கூடாதும்மா. அடுத்த கேஸ்ல என்னையே ஆர்கியூ பண்ணச் சொல்லியிருக்காங்க, தெரியுமா?” அந்த முகத்தில் எத்தனை சந்தோஷம்! பரீட்சையில் முதல் மார்க் வாங்கி ஓடி வருவாளே, அதே முகம்.

அவள் கொண்டுவந்த மிச்சத்தை என் கணவர் எடுத்து வாயில் போட்டார். “பேஷ், கரையுது!” எனக்கு ஒரு விள்ளல்கூட இறங்கவில்லை.

படுக்கப் போகும்முன் கவிதா எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, வர்ற புதன்கிழமை காலையில வீட்ல இருப்பல்ல?”

“ஏன்டி?”

“டெலிவரி வரும். வாங்கி வை.”

நாவலின் கடைசியில் இருவரும் பிடிபடுவார்கள் என்று பின்னட்டை சொல்கிறது. இங்கே பெல் அடித்தால் கதவைத் திறக்கப்போவது நான்.