அந்தப் பெயரில் ஒரு கார்

என் கணவர் வீட்டில் இயந்திரங்களுக்கு ஆண், பெண் உண்டு. டிராக்டர் ஆண், அவன் 'பெரியவன்'. பம்ப்செட் மோட்டார் சோம்பேறிப் பையன், தண்ணீர் வேண்டிய நேரம் பார்த்துப் படுத்துவிடுவான். கல்யாணமாகித் திருப்பனந்தாள் பக்கத்திலுள்ள அந்த ஊருக்கு வந்த புதிதில், "பெரியவனுக்கு டீசல் ஊத்தியாச்சா?" என்று கொழுந்தன் கேட்டபோது நான் யாரையோ நினைத்துக்கொண்டு விழித்தேன். பிறகு நானும் அப்படியே பேசப் பழகிவிட்டேன்.

கல்யாணமான இரண்டாம் வருடம் கர்ப்பமானேன். பெண் பிறந்தால் என்ன பெயர் என்று ஒரு மத்தியானம் வயல் வரப்பில் உட்கார்ந்து நானும் அவரும் முடிவு செய்தோம். பையனுக்குப் பெயர் யோசிக்கவே இல்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. எட்டாம் மாதத்தில் குழந்தையின் அசைவு நின்றது. பெண்தான். முகத்தை ஒருமுறை காட்டினார்கள். அவர்தான் துணியில் சுற்றி எடுத்துப் போனார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அவர் அழுது அப்போது நான் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் மயிலாடுதுறையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய அம்பாசிடரை வாங்கி வந்தார். வெள்ளை நிறம், பல இடங்களில் துரு. அறுவடை முடிந்திருந்த சமயம். காலை முதல் சாயங்காலம் வரை அதன் கீழேயே கிடந்தார். துருவைச் சுரண்டினார், சீட்டுக்குப் புதுத் துணி தைக்கக் கொடுத்தார். மனுஷருக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இதற்கிடையே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த கொழுந்தன் லீவில் வந்திருந்தார். ஒருநாள் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வாசலில் காரைக் கிளப்பப் போராடிக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே கத்தினார்: "அண்ணி, இன்னிக்கு இவளுக்கு மூடு சரியில்ல!" 'இவளுக்கு' என்பதற்கு முன்னால் ஒரு பெயரைச் சொன்னார். எங்கள் மகளின் பெயர்.

கையிலிருந்த ஈரப் புடவை மண்ணில் விழுந்தது.

என் கணவர் வயலிலிருந்து வந்ததும் கேட்டேன். "அந்தப் பேரையா வண்டிக்கு வச்சிருக்கீங்க?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "வேற எங்க வைக்கிறது அதை?" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று இருந்துவிட்டேன். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் பஸ்ஸில்தான் போனேன். கொழுந்தனுக்குக் காரணம் தெரியாது. "அவ ஸ்டார்ட் ஆக மாட்டேங்குறா", "அவளுக்குத் திமிரு", "அவளுக்கு நாலு சாத்து சாத்தினாதான் சரியா வருவா" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒவ்வொன்றும் என் வயிற்றில் வந்து விழும்.

தஞ்சாவூரில் ஒரு மைதானத்தில் பழைய கார்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். கொழுந்தன் விடாப்பிடியாக வற்புறுத்தியதால் நானும் போனேன். அத்தனை நாளில் முதல்முறையாக அதன் பின் சீட்டில் உட்கார்ந்தேன். எல்லோருமே தங்கள் கார்களை மனிதர்களாகத்தான் பேசினார்கள். ஒருவர் தன் கறுப்புக் காரை "எங்க மாமனாரு, சட்டுனு கோவம் வந்துடும்" என்றார். இன்னொருவரின் சிவப்பு வண்டி புது மருமகள். மைக் பிடித்திருந்த இளைஞன் எங்களிடம் வந்தான்.

"சார், உங்க வண்டி ஆம்பளையா, பொம்பளையா?"

"பொண்ணு," என்றார் அவர். "என் பொண்ணு."

"பேரு?"

சொன்னார். ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் மைதானம் முழுக்கக் கேட்டது.

"வயசுப் பொண்ணை இப்படி வெயில்ல நிக்க வச்சிருக்கீங்களே! அதோ, அந்தப் பச்சை ஜீப் நல்ல பையன். பேசி முடிச்சிடலாமா?"

கூட்டம் சிரித்தது. கொழுந்தனும் கைதட்டிச் சிரித்தார். என் கணவரும் சிரிப்பதுபோல் உதட்டை இழுத்தார்; கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. உதவி கேட்கிற பார்வை. "கிளம்பலாங்க," என்றேன்.

ஊர் திரும்பும் வழியிலும் கொழுந்தன் விடவில்லை. "மாப்பிள்ளைய விட்டுட்டு வந்துட்டோமேண்ணே!" என்றார்.

"அது எங்க குழந்தைக்கு வச்ச பேரு தம்பி," என்றேன். "செத்துப் பொறந்தாளே, அவளுக்கு."

என் கணவர் காரை ஆற்றங்கரை ஓரமாக நிறுத்தி, இறங்கிப்போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். கொழுந்தனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது. நான் என்னென்னவோ பேசியிருக்கேனே… கால்லகூட உதைச்சிருக்கேன்."

லீவு முடிந்து கிளம்பும்வரை அவர் அந்தக் காரின் பக்கமே போகவில்லை.

அதன் பிறகு என் கணவர் அந்தப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். 'அவள்' போய் 'அது' வந்தது. "அதுக்கு பேட்டரி வீக்." அவ்வளவுதான். நான் வேண்டியது இதுதானே? ஆனால் வீடு தாங்க முடியாததாகிவிட்டது. காருக்கு இருந்தபோதாவது அந்தப் பெயர் ஒரு நாளில் சிலமுறை காதில் விழுந்தது. இப்போது எங்குமே இல்லை.

ஒருநாள் சாப்பாடு போடும்போது சொல்லிவிட்டேன். "வண்டிக்கு அந்தப் பேரு இருந்தது எனக்குப் பிடிக்கல. வீட்டுலயே இல்லாமப் போனது அதைவிடக் கொடுமையா இருக்கு."

"என்னம்மா பண்ணச் சொல்ற?"

"என்கிட்ட சொல்லுங்க. வண்டிகிட்ட வேணாம்."

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார், குரலே இல்லாமல். சொல்லி முடித்ததும் அழ ஆரம்பித்தார். பருப்புக் கையோடு, தலையைக் குனிந்துகொண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதுகைத் தடவ வேண்டும் என்று தோன்றியது, கை எழவில்லை.

இப்போது எப்போதாவது பேசுகிறோம். பேசினால் இரண்டு நாளைக்கு இருவருக்கும் மனசு சரியாக இருக்காது. கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. நடவு நாட்களில் ஆட்களுக்குச் சாப்பாடு அதில்தான் போகிறது. "இவளுக்கு என்ன பேரு?" என்று யாராவது விளையாட்டாகக் கேட்டால், "பேரெல்லாம் இல்லீங்க" என்கிறார். அப்படிச் சொல்லும்போது நான் அருகில் இருந்தால், என்னைப் பார்ப்பதில்லை.