மைக் கதிர்வேலும் மூன்றாவது டைனோசரும்

கதிர்வேல் அண்ணன் இறந்த சேதியை எனக்குக் கொண்டுவந்தது, அவர் உட்கார்ந்து பேசிவந்த அதே ஆட்டோதான். போன மாதம் ஒரு காலையில், அரியலூரில் நான் வேலை பார்க்கும் சிமென்ட் கடை வாசலில் வந்து நின்றது. டிரைவர் முருகன் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "அண்ணே, கதிர்வேலண்ணன் விடியக்காலம் போயிட்டாருங்க. நெஞ்சு வலி. ஊருக்குச் சேதி சொல்லணும். யாரு செத்தாலும் அவருதான் மைக்ல சொல்லுவாரு. இப்ப அவருக்குச் சொல்ல ஆளு இல்ல. நீங்க வாங்கண்ணே."

சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக் காலம் தள்ளியவன் நான். கம்பி ஜன்னலுக்குள்ளிருந்து "வரிசையில வாங்க" என்பதற்கு மேல் நாலு பேர் கேட்க எதுவும் பேசியதில்லை. அவரோ ஊரே அறிந்த குரல்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பழக்கமும் தெரியும். எங்கள் தியேட்டருக்குப் புதுப் படம் வந்தால் ஆட்டோவில் கீழப்பழுவூர் வரை போய் விளம்பரம் செய்வார். ஒவ்வொரு தெருவிலும் பேசி முடித்ததும் வண்டியை அணைக்கச் சொல்லி, "கேக்குதாங்க?" என்று மைக்கில் கேட்பார். கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருப்பார். ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "கேக்குது, கேக்குது, போய்யா" என்று குரல் வந்தால்தான் வண்டி நகரும். எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் நானே கிண்டல் செய்தேன். "ரூமுக்குப் போனா சுவருகிட்டதான் பேசணும் தம்பி. இங்கதான் பதில் வருது" என்றார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். அம்மா போன பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தார்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. பார்க்காத படத்துக்குப் பேச மாட்டார். எந்தப் படமும் பெரம்பலூரில் ஓடிய பிறகுதான் எங்களுக்கு வரும் என்பதால், முன்னதாகவே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். டைனோசர் படத்தின் முதல் இரண்டு பாகங்களுக்கும் அப்படித்தான் செய்தார். இரண்டுக்கும் ஜனங்கள் டிராக்டர் கட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் பாகம் மட்டும் பெரம்பலூருக்கும் எங்களுக்கும் ஒரே நாளில் வந்து தொலைத்தது. "போஸ்டரைப் பார்த்துப் பேசுய்யா, டைனோசர் என்ன மாறவா போகுது?" என்றார் முதலாளி. அண்ணன் அரை மனதோடு போய், முந்தின ரெண்டையும் விடப் பெருசு என்று சொல்லிவிட்டு வந்தார்.

படம் வந்தது. அதைப் படம் என்றுதான் சொல்ல வேண்டும். ஓடினார்கள், கத்தினார்கள், மறுபடி ஓடினார்கள். கடைசியில் பெரிய சண்டை வரும் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் திரை வெளுத்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கட்டும் என்று ஒரு ரீலைத் தள்ளிவிட்டு ஓட்டுவது எங்கள் தியேட்டரில் வழக்கம்தான். அதனால் இன்றைக்கும் வெட்டிவிட்டார்கள் என்றே முடிவு செய்து, ஆபரேட்டர் அறைக் கதவைப் போய்த் தட்டினார்கள். ஆபரேட்டர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தும் நம்பவில்லை. பிள்ளைகளோடு கீழப்பழுவூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மட்டும் நேராக அண்ணனிடம் வந்தார். "உங்க பேச்சை நம்பித்தானே இம்புட்டு தூரம் வந்தோம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். சட்டையைப் பிடித்திருந்தால்கூட அண்ணன் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலை வழக்கம்போல ஆட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார். கீழப்பழுவூரில் அவர் பேசியதை, அப்போது தியேட்டர் ஆட்டோவை ஓட்டிய முருகன் என்னிடம் அப்படியே சொன்னான். "ரீலு எதையும் வெட்டலீங்க. படமே அவ்வளவுதாங்க. பார்க்காம சொல்லிட்டேன், தப்புதான். முந்தினது அளவுக்கு இல்லீங்க. பறக்குறது வர்ற எடம் மட்டும் நல்லா இருக்கு. அது போதும்னா வாங்க. கேக்குதாங்க?" அன்றைக்குப் பல வீடுகளிலிருந்து சிரிப்புச் சத்தத்தோடு பதில் வந்ததாம்.

சாயங்காலம் முதலாளி என் கவுன்ட்டர் முன்னால் வைத்தே அவரைப் பிடித்துக்கொண்டார். "என் பெட்ரோல்ல போயி என் படத்தையே திட்டிட்டு வர்றியா?" அண்ணன் மைக்கின் ஒயரைப் பொறுமையாகச் சுற்றி, என் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு இறங்கிப் போனார். ஒரு சப்பைப் படத்துக்காக அந்த மனிதரின் குரல் போயிற்று. எனக்கு இன்றைக்கும் அந்த டைனோசர்மேல் கோபம் தீரவில்லை.

அதன் பிறகு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து புது ஆள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். "மூச்சு விடாம பேசுறான் தம்பி. பதிலுக்கு எடமே விட மாட்டேங்குறான்" என்பார். பிறகு தியேட்டரையே மூடினார்கள். நான் சிமென்ட் கடைக்கு வந்தேன். முருகன் சொந்தமாக ஆட்டோ வாங்கி, சாவுச் சேதி சொல்ல அவரை அழைத்துக்கொண்டான். இந்த வேலையா என்று நான் முகம் சுளித்தபோது அவர் சொன்னது மறக்கவில்லை. "இதுல ஒரு நிம்மதி இருக்கு. வந்து பார்த்துட்டு யாரும் ஏமாந்தேன்னு சொல்ல மாட்டாங்க."

அண்ணன் இறந்த அன்றைக்கு, முருகன் கூப்பிட்டபடி நான் போனேன். கீழப்பழுவூர் கோயில் தெருவில் சேதியைச் சொல்லி முடித்ததும் முருகன் தானாகவே வண்டியை அணைத்தான். "கேக்குதாங்க?" என்றேன். சத்தமே இல்லை. ஒரு சுண்ணாம்புக்கல் லாரி போய் அடங்கிற்று. அப்புறம் ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "கேக்குதுப்பா. டைனோசர் படம் நல்லால்லன்னு வந்து சொன்னாரே, அவரா?" ஆமாம் என்று மைக்கிலேயே சொன்னேன். அழுகையை மறைக்கத் தெரியவில்லை.

என் மனைவி இப்போது உயிரோடு இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சுவரோடு பேசுவது என்றால் என்ன என்று எனக்கும் இப்போது தெரிகிறது. முருகன் கூப்பிடும்போதெல்லாம் நான்தான் போகிறேன். கதிர்வேல் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியையும், கேட்ட பிறகு காத்திருப்பதையும்தான். சில தெருக்களில் பதில் வருவதில்லை. முருகன் சாவியில் கை வைக்கிறான். "இன்னும் கொஞ்சம் இருப்பா" என்கிறேன்.