அத்தானின் காம்பரில் செய்த துளி வண்டி: சில்க்போர்க்கிலிருந்து கிரேனோ வரை

கடந்த ஜூன் மாதம் நானும் மனைவி வதனியும் மூன்று பகல், இரண்டு இரவு, மொத்தம் 220 கிலோமீற்றர் என்று ஒரு சின்னப் பயணம் போய்வந்தோம். சில்க்போர்க்கிலிருந்து ரண்டர்ஸ், அங்கிருந்து கிரேனோ கடற்கரை, பிறகு ஓர்ஹூஸ் வழியாக வீடு. டென்மார்க்கில் இருப்பவர்கள் இதைப் பயணம் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் நாங்கள் படுத்தது நானே செய்த ட்ரெய்லரில். போன பதிவில் படம் போட்டதிலிருந்து எப்படிச் செய்தாய், எவ்வளவு முடிந்தது, எங்கே கொண்டுபோகலாம் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லாவற்றையும் எழுதுகிறேன். படத்தில் தெரியாத ஒரு விஷயத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நான் செய்தது டியர்ட்ராப், அதாவது நீர்த்துளியைப் படுக்கவைத்த வடிவில் இருக்கும் குட்டி ட்ரெய்லர். உள்ளே இரண்டு பேருக்கு ஒரு மெத்தை, அவ்வளவுதான். பின்பக்கக் கதவைத் தூக்கினால் ஒரு சமையல் மேடை. சிறிய காரே இழுத்துவிடும். நான் இதைத் துளி வண்டி என்றுதான் சொல்வேன். இணையத்தில் இதைச் செய்து காட்டும் காணொளிகளை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அடிச்சட்டத்தைப் புதிதாகச் செய்யாதே, பழைய காம்பர் ட்ரெய்லர் ஒன்றைப் பிடி. அச்சு, சக்கரம், இழுவைக் கொக்கி, விளக்கு வயர் எல்லாம் ஒன்றாகவே வந்துவிடும்.

அப்படி ஒன்று ரண்டர்ஸில் என் அக்கா வீட்டு வேலியோரம் நின்றது. அக்காவின் கணவர், என் அத்தான், பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வாங்கிய மடிப்புக் காம்பர். பார்த்தால் ட்ரெய்லரில் ஒரு பெட்டி மாதிரி இருக்கும். மூடியைத் திறந்து துணியை இழுத்து விரித்தால் கூடாரம், இரண்டு பக்கமும் படுக்கை. நான் இருபத்திரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் அவர்கள் வீட்டுச் சோபாவில் படுத்தவன். பிறகு வந்த கோடை விடுமுறைகளில் அந்தக் காம்பரிலும் படுத்திருக்கிறேன். அத்தான் ஜெபம் பண்ணாமல் வண்டியை எடுக்க மாட்டார். பின்னால் காரெல்லாம் வரிசையில் நின்றாலும் ஆமென் சொன்ன பிறகுதான் கியர் விழும். ஒன்பது வருடமாக அந்தக் காம்பர் தார்ப்பாய்க்குக் கீழே சும்மா நின்றது.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“அத்தான், அந்தக் காம்பர் சும்மாதானே நிக்குது. நான் எடுக்கட்டே?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஓம், எடும். எனக்கு இனி அது என்னத்துக்கு.”

நான் நன்றி சொன்னேன். விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வேலைக்குப் போன முதல் குளிர்காலத்தில் கூட வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். கேக் வேண்டுமா என்று கேட்டார்கள். முறைப்படி “நை டக்”, வேண்டாம் நன்றி, என்றேன். தட்டு மேசையின் அடுத்த கோடிக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. பசியோடு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். நம்மவர் வீட்டில் அப்படி நடக்காது. முதல் “வேண்டாம்” கணக்கில் வராது, தேத்தண்ணி எப்படியும் வரும். அதே மாதிரித்தான் முதல் “எடுங்கோ”வும். ஒருவர் தன் பொருளை எடு என்றால், ஐயோ வேண்டாம், உங்களுக்குத் தேவைப்படும் என்று மறுக்க வேண்டும். இரண்டு தரம், மூன்று தரம் இழுபட்ட பிறகுதான் அவர் மனதில் இருப்பது வெளியே வரும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அன்றைக்கு டேனிஷ்காரனாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பத்து நாள் கழித்துக் காம்பரை எடுக்கப் போனேன். இடையில் அத்தான் இரண்டு முறை போன் பண்ணினார். ஒருமுறை, டயர் பழசு, அவசரம் இல்லாவிட்டால் வசந்தகாலத்தில் எடுக்கலாமே என்றார். இன்னொருமுறை, கொக்கி இறுகிப்போயிருக்கிறது, எதற்கும் யோசியும் என்றார். டயரை நான் மாற்றிக்கொள்கிறேன், கொக்கிக்கு எண்ணெய் விடுகிறேன் என்றேன். போனபோது காம்பரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். காரைப் பின்னுக்கு எடுக்கக் கை காட்டினார். மூடியில் கையை வைத்து ஒரு சின்ன ஜெபமும் சொன்னார்.

இனி வேலை விபரம். காம்பரைப் பிரிக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை போனது. பக்கச்சுவர்த் தகட்டை வெட்டும் மெஷினால் அறுத்தேன். ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்தேன். அடிச்சட்டம் நன்றாக இருந்தது, இரண்டு இடத்தில்தான் துரு. மிஞ்சியது அச்சு, சக்கரம் இரண்டு, கொக்கி, விளக்கு வயர், இரட்டை அடுப்பு, காலால் மிதிக்கும் தண்ணீர்ப் பம்ப். கூடாரத் துணியை நகரசபையின் மீள்சுழற்சி மைதானத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு ஸிப் போயிருந்தது, கையகலத்தில் மூன்று ஒட்டு, மற்றப்படி துணியில் குறை இல்லை. மடித்துத் தூக்கி எரிக்கும் குப்பைக்கான தொட்டிக்குள் போட்டேன். நான்கு நிமிட வேலை.

மேலே கட்டுவதற்கு எட்டு மாதம் ஆனது. பக்கங்களுக்கு 12 மில்லிமீற்றர் நீர்காப்புப் பிளைவுட், வளைந்த கூரைக்கு 4 மில்லிமீற்றர், அதற்கு மேல் அலுமினியத் தகடு. வளைவை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தேன், மூன்றாவது அட்டைதான் சரிவந்தது. சாமான் செலவு 14,800 குரோனர். எடை 480 கிலோ. மே மாதம் வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பின்விளக்கு ஒன்று தாழ்வாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள், இரண்டாவது தடவை பாஸ். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. இருவருக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கி வதனியோடு கார்த் தரிப்பிடத்திலேயே நின்று சாப்பிட்டேன்.

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை காலை 10.15க்குப் புறப்பட்டோம். ரண்டர்ஸ் 56 கிலோமீற்றர். எண்பதுக்கு மேல் போகவில்லை, 11.25க்கு அக்கா வீட்டு வாசலில் நின்றோம். அத்தானுக்கு முதலில் காட்ட வேண்டும் என்பதுதான் இந்தப் பாதையின் காரணமே. அவர் வண்டியை இரண்டு தரம் சுற்றிவந்தார். தகட்டை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். அச்சைப் பார்க்கக் குனிந்து, பாதியில் நிமிர்ந்தார். “வடிவாச் செய்திருக்கிறீர்” என்றார். பிறகு துணியை என்ன செய்தேன் என்று கேட்டார். உக்கிப்போயிருந்தது, எறிந்துவிட்டேன் என்றேன். அது உக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அத்தான் இனி என்ன செய்யப்போகிறார் என்று சும்மா கேட்டேன். அவள் அடுப்பைக் குறைத்தாள். அத்தான் இந்தக் கோடைக்கு ஒரு திட்டம் வைத்திருந்தாராம். ஓய்வு வந்ததும் காம்பரோடு கிழக்குக் கரையால் நாட்டின் வடமுனையான ஸ்கேகன்வரை ஏறி, மேற்குக் கரையால் இறங்குவது. மூன்று கிழமை, அவர்கள் இருவர் மட்டும். துணியின் ஸிப்பைத் தைக்கக் கப்பல்பாய் தைக்கும் ஒருவரிடம் நாள்கூடக் குறித்திருந்தாராம். நான் காம்பரைக் கொண்டுபோன அடுத்த நாள் போய் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பிறகு ஏன் எடு என்று சொன்னார் என்று கேட்டேன்.

“நீ கேட்டனி. உனக்கு இல்லையெண்டு சொல்ல அவருக்கு வாய் வராது. நீ இன்னொருக்கா கேப்பாய், அப்ப சொல்லுவம் எண்டு இருந்தவர்.”

நீயாவது சொல்லியிருக்கலாமே என்று அக்காவைக் குறைசொன்னேன். அவர் சொல்லாததைத் தான் எப்படிச் சொல்வது என்றாள். மீனைத் திருப்பிப் போட்டாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் அத்தானை வெளியே கூட்டிப்போய்ச் சாவியை நீட்டினேன். நீங்களும் அக்காவும் இதைக் கொண்டு ஸ்கேகன் போய்வாருங்கள், மூன்று கிழமையோ மூன்று மாதமோ வைத்திருங்கள் என்றேன். ஆசையாகச் செய்தது, நீரே கொண்டுபோம் என்றார். இரண்டாம் தரம் சொன்னேன். மூன்றாம் தரம் வதனியும் வந்து சேர்ந்தாள், நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறோம் என்றாள். செப்டம்பரில் செய்யாததை எல்லாம் அந்த வாசலில் செய்தேன்.

அத்தான் எங்களைச் சமாதானப்படுத்துவதற்காகப் பக்கக் கதவைத் திறந்தார். ஒரு கையால் மேல்விளிம்பைப் பிடித்து வலது முழங்காலை உயர்த்தினார். பாதியில் முகம் சுருங்கியது. காலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்குள்ள தவண்டெல்லே போகவேணும். பழைய காம்பருக்குள்ள எண்டால் நிண்டு சாரம் மாத்திக் கட்டலாம்.”

வதனியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதம் உயரம், அகலம், வளைவு என்று அளந்தவன் அந்த முழங்காலை நினைத்தே பார்க்கவில்லை.

3.30க்கு ரண்டர்ஸிலிருந்து கிளம்பினோம். கிரேனோவுக்கு 57 கிலோமீற்றர், நேரான பாதை, இருபக்கமும் வயல். வழியில் ஔனிங்கில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது வதனி, “அவர் ரெண்டு தரம் போன் எடுத்தவர் எல்லே” என்றாள். டயர் பழசு, கொக்கி இறுகிவிட்டது. நான் அவற்றை வண்டியின் குறை என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். மனிதர் இரண்டு முறை கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். இரண்டு முறையும் நான் கெட்டித்தனமாகச் சாத்தியிருக்கிறேன்.

4.45க்கு முகாம் மைதானத்தில் இடம் எடுத்தோம். மின்சாரத்தோடு இரண்டு இரவுக்கு 700 குரோனர். கடற்கரை நடந்துபோகப் பத்து நிமிடம். வெள்ளை மணல், ஆழம் இல்லாத தண்ணீர், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சனிக்கிழமை மதியம் வரை மழை. துளி வண்டி ஒரு சொட்டு ஒழுகவில்லை. பின்கதவைத் தூக்கி அதன் கீழே நின்று புட்டு அவித்தோம், போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நல்ல வண்டி, அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்கு அடுத்த இடத்தில் வயதான ஒரு டேனிஷ் தம்பதி மடிப்புக் காம்பரோடு வந்திருந்தார்கள். காலையில் அந்த மனிதர் கூடாரத்துக்குள் நிமிர்ந்து நின்று முகம் வழித்துக்கொண்டிருந்தார். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். ஞாயிறு 11 மணிக்குக் கிளம்பி, 107 கிலோமீற்றர், ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் வீடு.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயம். அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் பதிவுக் காகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் அறுக்காதீர்கள். மேற்கூடு மாற்றினால் பரிசோதனைக்கு என்னென்ன வேண்டும் என்று முன்பே போய்க் கேளுங்கள், நான் பிறகு கேட்டுப் பின்விளக்கை இரண்டு தரம் பூட்டினேன். பக்கக் கதவை 75 சென்ரிமீற்றராவது வையுங்கள், என்னுடையது 65. படுக்கப்போவது யார், அவர்களுக்கு எந்த மூட்டு வலி என்று முதலில் கேளுங்கள். கூடாரத் துணியை எல்லாம் முடியும்வரை எறியாதீர்கள். காம்பரைக் காசுக்கு வாங்குகிறீர்கள் என்றால் விலையைப் பேசினால் போதும். சொந்தக்காரர் சும்மா தருகிறார் என்றால் ஒரு மாதம் பொறுத்துத் திரும்பக் கேளுங்கள். அதன்பின் இன்னொரு முறையும் கேளுங்கள்.

போன கிழமை ஒடென்சேயில் ஒருவர் அதே மாதிரி மடிப்புக் காம்பர் விற்பதாக விளம்பரம் பார்த்தேன். துணி நல்ல நிலை, விலை 6,500. உடனே அத்தானுக்குப் போன் எடுத்து, வாங்கி வந்து வாசலில் விடுகிறேன் என்றேன். உமக்கு ஏன் வீண் அலைச்சல் என்றார். அலைச்சல் இல்லை, 145 கிலோமீற்றர்தான் என்றேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை, மூன்றாம் முறையும் கேட்டேன்.

“காம்பர் இழுக்கக் கொக்கி வைச்ச காரை மார்கழியிலேயே குடுத்திட்டன், தம்பி. இந்தமுறை மரியாதைக்குச் சொல்லேல்லை. உண்மையாத்தான் வேண்டாம்.”