சாமி அறை வாசல் வரை

அரசாங்கம் என்றாலே எனக்கு எரிச்சல். வீட்டு வரி கட்டு, காரை அங்கே நிறுத்தாதே, குப்பையை இங்கே வைக்காதே. ஜார்ஜ்டவுனில் தும்முவதற்கும் இவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பொரிந்து தள்ளியிருக்கிறேன். அரசாங்கம் நம் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஒருநாள் அப்படியே நின்றும்கொண்டது.

அப்பா இறந்த பிறகு வீட்டில் நானும் அக்காவும்தான். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள். இறந்தவருக்குத் தாகம் எடுக்கும் என்று படத்துக்கு முன்னால் செம்பில் தண்ணீர் வைப்பது எங்கள் வழக்கம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எடுத்துவிடுவோம். அக்கா எடுக்கவில்லை. படத்தையும் செம்பையும் சாமி அறை மூலைக்கு மாற்றி, தினமும் குளித்துவிட்டு, குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்புவாள். செம்பைக் கவிழ்த்துக் கழுவ மட்டும் மாட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பா வந்துவிட்டால் என்று அவளுக்குப் பயம்.

எங்கள் வீட்டு வரிசையில் டிங்கிக் காய்ச்சல் வந்தது. கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுகாதார அதிகாரி வந்தார், நடுத்தர வயதுத் தமிழர். குளியலறை, பூந்தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்புறம் என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். சாமி அறை வாசலில் அக்கா குறுக்கே நின்றாள்.

"இங்க வேணாம் தம்பி. அப்பா இருக்காரு."

நான் வாய் திறப்பதற்குள் அவர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

"பரவால்லக்கா. நீங்க வேணாம்னா நான் சாமி ரூம்ல நுழைய மாட்டேன் லா."

அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. கேட் வரை போய் வழியனுப்பினேன்.

சில வாரங்களில் அக்காவுக்குக் காய்ச்சல். அரசாங்க ஆஸ்பத்திரியில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். பாவம், ஓடி ஓடிப் பார்த்தார்கள். நான் திட்டிக்கொண்டே கட்டிய வரியில்தான் அந்தக் கட்டிலும் மருந்தும் என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியாக அவள் தெளிவாகக் கேட்டது, "அப்பாவுக்குத் தண்ணி ஊத்துனியா?" ஊற்றினேன் என்றேன். ஊற்றியும் இருந்தேன். மறுநாள் போய்விட்டாள்.

டிங்கியில் சாவு என்றால் வீட்டைச் சோதிப்பார்கள். அதே அதிகாரி வந்தார். நானே சாமி அறைக்குள் கூட்டிப்போனேன். வெளிச்சம் பட்டதும் செம்புக்குள் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. அவளைக் கடித்த கொசு அங்கிருந்துதான் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இல்லை என்றுதான் யாரால் சொல்ல முடியும்?

"சம்மன் எழுதுங்க, அபராதம் கட்டுறேன்," என்றேன்.

அவர் எழுதவில்லை. "அன்னிக்கே உள்ள வந்திருக்கணும்ண்ணே."

"ஏன் வரல? கார நிறுத்துனா மட்டும் உடனே வந்து நிக்கிறீங்க. இதுக்கு என்ன மரியாத வேண்டிக் கிடக்கு?" என்று கத்தினேன். அவர் குனிந்து செம்பை எடுத்தார். தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்.

இப்போது நான் ஒருவன்தான். காலையில் சாமி அறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. பிரமை என்று தெரிந்தும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. கடையில் யாராவது அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தால் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

போன மாதம் மறுபடியும் சோதனை. அவர்தான். வீடு முழுக்கப் பார்த்துவிட்டுச் சாமி அறை வாசலில் நின்றார்.

"உள்ள போங்க," என்றேன்.

அவர் போகவில்லை. கொஞ்சம் ஒதுங்கி நின்று, மெதுவாக, "அக்கா, பாக்கலாமா?" என்று கேட்டார்.

இருவரும் பதிலுக்காகக் காத்திருந்தோம்.